தலை இருந்தால் ஒன்று

எங்கள் ஆய்வகத்தில் தலை இருந்தால்தான் அது ஓர் உயிர். வால் மட்டும் கிடைத்தால் துண்டு. நடு உடம்பு முழுசாகக் கிடைத்தாலும் துண்டுதான்.

யாரோ கிறுக்கன் போட்ட விதி இல்லை இது. நாலரை கிலோமீட்டர் ஆழத்தில் இரும்புப் பெட்டி ஒன்று சேற்றை அள்ளிக்கொண்டு கப்பலுக்கு ஏறி வருகிறது. வருகிற வழியிலேயே அதிலுள்ள புழுக்கள் பாதி உடைந்துவிடும். சல்லடையில் அலசும்போது மீதியும் உடையும். நாலு துண்டாக வந்த ஒரு புழுவை நாலு புழு என்று எண்ணிவிடக் கூடாது இல்லையா? எந்தப் புழுவுக்கும் தலை ஒன்றுதான். அதனால் தலையை எண்ணு. துண்டுகளைக் குப்பியில் போட்டு, தாளில் ‘துண்டு உண்டு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் அடி. கீழே கையெழுத்துப் போடு. உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

மூன்று வருஷமாக எனக்கு இதுதான் வேலை. பக்கத்து வீட்டில் அம்மா இதைக் “கடல் ஆராய்ச்சி” என்பாள். வீட்டுக்குள் வந்ததும், “பதினேழு வருஷம் படிச்சுட்டு புழு எண்ணுறா” என்பாள். இரண்டும் உண்மை. அப்பா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். நான் பட்டம் வாங்கிய போட்டோவை, தான் காவலுக்கு நிற்கும் கட்டடத்தின் வாசல் அறையில் மாட்டி வைத்திருக்கிறார். எங்கள் வகையறாவில் முதல் பட்டம் அது. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். தட்டிய கையோடு என்னையே கவனிக்கவும் ஆரம்பித்தார்கள், எப்போது வழுக்குவாள் என்று. மற்றவர்கள் தப்புச் செய்தால் அது தப்பு. நான் செய்தால் என் பரம்பரை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு தப்புச் செய்தேன். அல்லது செய்ததாக நினைத்தேன். ஒரு சேற்று மாதிரியில் மூன்று வால் நுனிகள் கிடைத்தன. தட்டையாக, விசிறி விரித்ததுபோல. ஒரு புழுவுக்கு மூன்று வால் இருக்காதே என்று தாளில் மூன்று என்று எழுதினேன். மேடம் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். எங்கள் பிரிவின் தலைமை அவர்தான். இருபத்தைந்து வருஷமாகக் கடல் புழுக்களோடு வாழ்கிறவர்.

“தலை எங்கம்மா?”

“தலை வரலை மேடம். ஆனா மூணு வால் நுனி...”

“தலையில்லாம எதை எண்ணினே?”

அடுத்த மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்த அறையில் என்னைவிட விதி தெரிந்தவள் இருக்கக் கூடாது என்று. அப்படியே ஆனேன். மற்றவர்கள் ஒரு வாரம் எடுக்கும் மாதிரியை மூன்று நாளில் முடித்தேன். புதிதாக வந்தவளுக்கும் நான்தான் பழக்கிவிட்டேன். மைக்ராஸ்கோப் முன்னால் கழுத்தை வளைத்து இடுக்கியோடு அசையாமல் நிற்பாள். அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததும் நான்தான்.

போன வியாழக்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு, “திங்கக்கிழமை சாயந்திரம் மூணாம் கட்டத்து அறிக்கை போயிடும். துண்டுக் குப்பியெல்லாம் கொட்டிடு. அலமாரியில இடமே இல்ல” என்றார்.

கட்டம் என்பது கடலடியில் கோடு கிழித்துப் பிரித்த பகுதி. மொத்தம் மூன்று. அங்கே சேற்றின்மேல் கறுப்புக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், அதனால் எங்களுக்குக் கிழங்கு. உள்ளே உலோகம். ஒரு கிழங்கு விரல்கடை அளவு பருக்கப் பல பத்து லட்சம் வருஷம் ஆகும்; எடுக்க ஒரு நிமிஷம் போதும். எடுக்கப்போகும் கம்பெனிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கட்டத்தில் மட்டும் இருந்து, மற்ற இரண்டிலும் இல்லாத உயிர் ஏதாவது உண்டா? மூன்றாம் கட்டத்தில் இல்லை என்றது எங்கள் அட்டவணை. இல்லை என்றால் இயந்திரம் முதலில் இறங்குவது அங்கேதான். அந்த ‘இல்லை’க்குக் கீழே நாற்பத்து மூன்று தாள்கள். நாற்பத்து மூன்றிலும் என் கையெழுத்து.

முதல் குப்பியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் புழுக்களுக்கு ரோஸ் சாயம் ஏற்றியிருப்போம். ரோஸ் நிறக் குப்பை மாதிரி விழுந்தது. உடனே தொட்டியில் ஊற்றியிருக்கலாம். ஊற்றாமல் ஏன் பார்த்தேன் என்று கேட்டால், பழக்கதோஷம். தட்டு என்றால் கண் தானாகக் குனிகிறது.

ஐந்து விசிறிகள் இருந்தன. ஒரே மாதிரி, ஏழேழு நரம்போடு.

அடுத்த குப்பியில் எட்டு. அதற்கடுத்ததில் மூன்று. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நாற்பத்து மூன்றையும் கவிழ்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. பிறகு மற்ற இரண்டு கட்டங்களின் குப்பிகளையும் தேடிப் பிடித்துக் கொட்டிப் பார்த்தேன். தொண்ணூறு குப்பியில் ஒரு விசிறி கிடையாது.

“சீனியர், டீ ஆறிப்போச்சு” என்று கொக்கு வந்தாள்.

“இங்க வா. இது என்ன?”

குனிந்து பார்த்தாள். “துண்டு.”

“என்ன துண்டு?”

“நீங்கதானே சொன்னீங்க, துண்டுல என்ன துண்டுன்னு பாக்காதே, கண்ணுதான் போகும்னு.”

ஆமாம், நான் சொன்னதுதான்.

மறுநாள் முழுக்க அந்த வால்களின் அறுந்த முனையையே பார்த்தேன். பாதிக்கு மேல் முனையில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. சேறு என்றால் பழுப்பாக இருக்கும். ஊசியால் சுரண்டினேன். மினுமினுத்தது. கிழங்குத் தூள்.

அப்போது புரிந்தது. இந்தப் புழு சேற்றில் வாழவில்லை. தலையைக் கல்லுக்குள் நுழைத்துக்கொண்டு உடம்பை வெளியே விட்டு வாழ்கிறது. பெட்டி அதை இழுக்கும்போது பிடியை விடாது. உடம்பு அறுந்து எங்களிடம் வருகிறது, தலை கல்லோடு போகிறது. கற்களைக் கப்பலிலேயே பொறுக்கி, கழுவி, எதிர் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நாங்கள் கல் சார் என்று கூப்பிடுகிறவர் அவற்றை அடுப்பில் வைத்துக் காயவைத்து, மாவாக அரைத்து, உலோகம் எவ்வளவு என்று பார்ப்பார். நாங்கள் இங்கே தலை இல்லை, தலை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்த மூன்று வருஷமும் தலைகள் பத்தடி தள்ளி அரைபட்டுக்கொண்டிருந்தன.

கல் சார் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டது எனக்கு நல்லதாகப் போயிற்று. அவர் பாவம்தான். மூன்றாம் கட்டத்துக்குப் போன கடைசிப் பயணத்தில் வந்த கற்கள் இரண்டு வாளியில், ஸ்பிரிட்டில் மூழ்கி, குளிர் அறையில் அப்படியே இருந்தன. திங்கட்கிழமை வேறு ஆள் வந்து அடுப்பில் வைப்பதாக ஏற்பாடு. மேடமிடம் கேட்டால் எழுதிக் கொடு என்பார். எழுதிக் கொடுத்தால் எதிர் அறை யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று கிழங்குகளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டோடு என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்தேன். திருட்டுதான். வேறு சொல் தேட வேண்டாம்.

அக்கா ஒரு பல்செட் கடையில் வேலை செய்கிறாள். மாடியில் ஒரே அறை. அலமாரி முழுக்க வாய் திறந்த பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண். என்னைவிட நாலு வயது மூத்தவள். என்னைவிட நன்றாகவும் படித்தாள். பள்ளியோடு நிறுத்திவிட்டார்கள், ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று. ஏன் நான் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

ஞாயிறு மதியம் கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை. டப்பாவைத் திறந்து காட்டினேன்.

“என்னடி இது, கல்லு? கல்லுக்கும் பல்லு கட்டணுமா?”

“உள்ள புழு இருக்கும்னு நினைக்கிறேன். நசுங்காம எடுக்கணும்.”

டிரில்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சொத்தைப் பல்லுல புழு கிடையாது, புழு கிடையாதுன்னு பதினோரு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன். என் கூடப் பொறந்தவ கல்லுல புழுன்னு வந்து நிக்கிறா.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு தாடையைத் தேய்த்து முடித்தாள்.

“சரி, தலை கிடைக்குது. அப்புறம்?”

“மேடம்கிட்ட காட்டுவேன்.”

“இத்தனை நாளா எண்ணினது யாருன்னு கேப்பாங்கல்ல?”

“நான்தான்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. எங்கேயோ கடலுக்கு அடியில கிடக்கிற புழு, அதுக்கு உன்னைத் தெரியுமா? உன்னை வேலையை விட்டுத் தூக்கினா அப்பா அந்தப் போட்டோவைக் கழட்டுவாரா மாட்டாரான்னு யோசிச்சியா?”

“நீ தப்பா கட்டின பல்லு திரும்பி வந்தா என்ன பண்ணுவே?”

“தேய்ச்சுக் குடுப்பேன். பல்லு கட்டுறவ தப்புப் பண்ணினா பல்லுதான் தப்பு. என் தலைமேல குடும்பத்தையே ஏத்தி உக்கார வைக்கலையே. உன் தலைமேல ஏத்தியிருக்கு.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, ஒரு கிழங்கை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள்.

“இங்க ஒரு ஓட்டை இருக்கு, பாரு” என்றாள். ஓட்டையைப் பார்த்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது.

முதல் கல் கையிலேயே வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஓட்டை உள்ளே போய் இடப்பக்கம் திரும்பியது. அக்கா சன்ன முனையை மாற்றினாள். நான் பிழிகுப்பியால் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டேன். “வேர் எந்தப் பக்கம் போகுதோ நாமளும் அந்தப் பக்கம் போகணும், அவசரப்பட்டா உடைஞ்சிடும்” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு, சுவரை மட்டும் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினாள். இரண்டு மணி நேரம் ஆனது. என் கழுத்து விறைத்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உள்சுவரில் சவ்வுக் காகிதம் மாதிரி ஒரு படலம். அதன் கடைசியில் வெளுத்த ஒரு முடிச்சு, கடுகில் பாதி. சாயம் படாத தலை. கண் இல்லை. அந்த இருட்டில் கண்ணுக்கு என்ன வேலை? இரண்டு பக்கமும் வளைந்த கொக்கிகள் கல்லைக் கவ்விக்கொண்டிருந்தன. உடம்பு அறுந்து போனபிறகும், ஸ்பிரிட்டில் செத்துப் போனபிறகும், அந்தப் பிடி தளரவில்லை.

அக்கா பூதக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. “இதுக்குப் பல்லு இருக்குடி” என்றாள்.

மூன்றாவது கல்லைத் தானாகவே எடுத்துப் பார்த்து, ஓட்டை இல்லை என்று டப்பாவில் போட்டாள். நான் கிளம்பும்போது, “சாப்பாட்டு டப்பாவை நல்லாக் கழுவு” என்றாள்.

திங்கட்கிழமை காலை மேடம் வெள்ளைக் கோட்டைக்கூட மாட்டவில்லை, நான் மைக்ராஸ்கோப்பில் தட்டை வைத்துவிட்டேன். உட்கார்ந்தார். குவியத்தைச் சரிசெய்தார். அந்த முகத்தில் நான் மூன்று வருஷமாகப் பார்க்காத ஒன்று வந்தது. சின்னப் பெண் மாதிரி வாய் லேசாகத் திறந்துகொண்டது.

“எவ்ளோ அழகா இருக்கு” என்றார்.

வால்களின் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு, பிற கட்டங்களில் பூஜ்யம், அறுந்த முனையில் கிழங்குத் தூள். எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் முகம் மெல்ல மெல்லப் பழைய முகமாகியது.

“கல்லு யாரைக் கேட்டு எடுத்தே?”

“கேக்கலை மேடம்.”

“சரி. அதை அப்புறம் பாக்கலாம்.” எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “தலை ஒண்ணு. அட்டவணையில ஒண்ணுன்னு சேத்துடலாம். ‘ஒன்று மட்டுமே கிடைத்தது, பரவல் தெரியவில்லை’ன்னு அடிக்குறிப்பு போட்டுடலாம்.”

“இருநூத்திப் பன்னெண்டு மேடம்.”

“தலை ஒண்ணு.”

“ஒரு புழுவுக்கு ஒரு தலைன்னா, வால் நுனியும் ஒண்ணுதானே?”

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? வாலை எண்ண ஆரம்பிச்சா எல்லாக் கட்டத்தையும், எல்லாப் புழுவையும் வாலை வச்சு எண்ணணும். ஊரெல்லாம் தலையை எண்ணும்போது நாம மட்டும் வாலை எண்ணினா நம்ம கணக்கை எவன் நம்புவான்? ஒண்ணுன்னு போட்டாலே பெரிய விஷயம்.”

ஒண்ணு என்று போட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அறிக்கையின் நூற்றுச் சொச்சம் பக்கங்களில் ஏதோ ஓர் ஓரத்தில் ஒரு ஒண்ணு. எங்கிருந்தோ வழி தவறி வந்த ஒரு புழு. அதற்காக எந்த இயந்திரமும் நிற்காது. கிழங்குகளை அள்ளும்போது தலைகளும் போகும். இந்த முறை வால் எண்ணக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

“எண்ணினவளே தாள் தப்புன்னு சொன்னா?” என்றேன்.

அவர் புத்திசாலி. நான் எங்கே வருகிறேன் என்று எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருப்பார்.

“சொன்னா அந்தத் தாள் செல்லாது. நாப்பத்தி மூணும் செல்லலைன்னா மூணாம் கட்டத்துக்கு அட்டவணையே இல்ல. வேற ஆளு முதல்லேருந்து பாக்கணும். எட்டு மாசம், பத்து மாசம். கல்லையும் சேத்துப் பாக்கச் சொல்லி நான் கேக்கலாம்.” மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். “ஆனா விதி தப்புன்னு எவனும் எழுத மாட்டான்மா. பொண்ணுக்கு எண்ணத் தெரியலைன்னுதான் எழுதுவாங்க. நீ போற எடத்துக்கெல்லாம் அது உனக்கு முன்னாடி போய் நிக்கும். என்னால தடுக்க முடியாது.”

“முதல் மாசமே எனக்கு எண்ணத் தெரிஞ்சுது மேடம்.”

அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. நானும் விளக்கவில்லை. அவர் ஒரு தடவை பேனாவால் அடித்தார். மிச்ச மூன்று வருஷமும் அடித்தது நான். அதை அவர் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை.

கோப்பைக் கேட்டேன். அலமாரிச் சாவியைக் கொடுத்தார்.

நாற்பத்து மூன்று தாள்களையும் மேசையில் அடுக்கினேன். கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்தேன். ‘இந்த மாதிரியில் ஓர் இனம் எண்ணப்படாமல் விடப்பட்டது. எண்ணியவள் நான். தாளைத் திரும்பப் பெறுகிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி. அடுத்தது. கொக்கு வந்து பக்கத்தில் நின்றாள். நாலைந்து தாள் வரை பார்த்தாள்.

“சீனியர், உங்களுக்கு மூளை இருக்கா?”

“இருக்கு. இனிமே என்னை மாதிரி இன்னொருத்தி வந்தா, துண்டுல என்ன துண்டுன்னு பாக்கச் சொல்லு.”

“நீங்க எங்க போறீங்க?”

“இப்போதைக்கு அடுத்த தாளுக்கு.”

அவள் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கதவுக்கு அப்பால் மேடம் போனில் பேசுவது கேட்டது. “இன்னைக்கு அனுப்ப முடியாது... இல்ல, தேதி சொல்ல முடியாது... எங்க பக்கம் எண்ணினதுல பிழை... ஆமா, எண்ணின பொண்ணுதான்.” அந்தப் பக்கத்தில் யாரோ நீளமாகப் பேசினார்கள். பேசியது கேட்கவில்லை, நீளம் மட்டும் கேட்டது. “இல்ல,” என்றார் மேடம். “அந்தப் பொண்ணு எண்ணினா சரியாத்தான் இருக்கும். எழுத்துல அதையும் போடச் சொல்லுங்க.” போட மாட்டார்கள். அவருக்கும் தெரியும்.

மதியம் தாண்டி முதல் தாளுக்கு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்துத் தாள். மற்றதில் எல்லாம் ஒரு கிறுக்கல்தான். இதில் மட்டும் அப்பா பெயர், என் பெயர், பட்டம் எல்லாம் ஓரெழுத்து விடாமல், கோட்டின்மேல் நேராக, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருந்தேன். எழுதுவதற்கு முன்னால் வேறு ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

அதற்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி, மூன்று வாக்கியத்தையும் அதற்குள் எழுதினேன். கையெழுத்தை மட்டும் அன்றைக்கு மாதிரியே முழுசாகப் போட்டேன், அப்பா பெயரோடு.